கற்படுக்கையும் கைத்தையல் போர்வையும்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து பணியின் பொருட்டுக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் வந்து வேரூன்றிய நம் குடும்பங்களில், பெட்டியின் அடியில் பழம்புடவைப் போர்வை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருப்பது புதுமையன்று. பாட்டியோ பூட்டியோ தம் பழைய நூற்புடவைகளை அடுக்கி, கிழியாத பகுதிகளைத் தேர்ந்து, ஊசியை மேலும் கீழும் கோத்தெடுத்துத் தைத்த போர்வை அது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகளுக்கும், பிறந்த குழந்தைக்கும், காய்ச்சலில் கிடந்த பேரனுக்கும் அதுவே வெதுவெதுப்பு அளித்தது. அதனைத் தைத்தவர் யார், எந்த ஆண்டில், எந்த ஊரில் என்று வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. 'அந்தக் காலத்துப் பாட்டி தைத்தது' என்பதோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அவ்வரலாற்றை மீட்டு எழுதிவைக்க வேண்டியதன் தேவையை இம்மலரின் வழியாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்குளிரும் பழம்புடவையும்

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகள் ஏறி அடையும் வால்பாறை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்கு வெயிலைக் காண்பதே அரிது. அடுத்துள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிகுமழை பெய்யும் இடங்களுள் ஒன்று. குளிரும் மழையும் அங்குள்ள உழைப்பாளர் வாழ்வை எவ்வளவு அழுத்தின என்பதற்குச் சட்டமே சான்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்குக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை முதலாளிகள் வழங்குமாறு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. போர்வை அம்மலையில் வாழ்வின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாயிருந்தது.

சமவெளியில் வளர்ந்தவர்க்குக் குளிர்காப்புப் பற்றிய கவலை மிகுதியில்லை. ஒரு துப்பட்டி போதும். மலையேறிய குடும்பத்திற்கு அது போதாது. கையில் உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் இல்லத்தரசிக்குப் பழம்புடவையே கைகொடுத்தது. பலமுறை துவைத்த பருத்தி மென்மையானது. நான்கைந்து மடிப்புகளை ஒன்றாகத் தைத்தால் இடையிடையே காற்று தங்கி உடலின் வெப்பத்தைக் காக்கும். பட்டு நூலுக்காகப் புழுக்கள் கொல்லப்படுவதால் அதனைத் தவிர்க்கும் அறம் நம்மிடையே உண்டு. பருத்தியால் ஆன இப்போர்வை அவ்வறத்திற்கும் இயைந்தது. கொங்கு நாடோ பருத்திக்கும் நெசவுக்கும் பெயர்பெற்றது. பொள்ளாச்சிக்கு அண்மையிலுள்ள நெகமத்து நூற்புடவையும் பவானி ஜமக்காளமும் இவ்வட்டார வீடுகளில் நன்கு அறியப்பட்டவை. வடதமிழகத்தில் உடுத்த புடவையும் கொங்கில் வாங்கிய புடவையும் ஒரே போர்வையில் சேர்ந்திருந்தால், ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த கதை அதிலேயே அடங்கிவிடுகிறது.

பெயர் பொறித்த படுக்கைகள்

படுக்கைக்கு வரலாறு எழுதுவது தேவைதானா என்று சிலர் நினைக்கலாம். நம் முன்னோர் அதனைத்தான் செய்தனர். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தை அடுத்துள்ள ஆறுநாட்டார் மலையில், சமண முனிவர்கள் தங்குவதற்காகக் குகைத்தளங்களில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் புகழூர்க் கல்வெட்டுகள் எனப்படும். அவை கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் அடங்குவன. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன்; அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசனானபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணருக்கு உறைவிடம் வெட்டுவித்தான் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. சேர மரபின் மூன்று தலைமுறைகளை வரிசையாகத் தருவதால், சங்ககால வரலாற்றை ஆராய்வோர்க்கு இது அருமையான சான்றாயிற்று.

அரசர் பெயர் மட்டும் அங்கு இல்லை. கருவூர்ப் பொன்வணிகன் நத்தி அமைத்த அதிட்டானத்தையும், நல்லியூர்ப் பிடன் மகள் கீரன் கொற்றி செய்வித்த பள்ளியையும் அங்குள்ள கல்வெட்டுகள் குறிக்கின்றன. முனிவர் துயிலும் கல்லை ஈந்த ஒரு பெண்ணின் பெயர், அவள் தந்தையின் பெயரோடும் ஊரின் பெயரோடும் இன்றுவரை நிற்கிறது. விசயமங்கலத்தில், கங்கரின் அமைச்சராய்ச் சிரவணபெளகொளத்துக் கோமடேசுவரர் திருமேனியை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பையின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. ஒரு பெண்ணின் இறுதி நோன்பை நம் சமயத்தார் கல்லில் எழுதிக் காத்தனர். யார், யாருக்காக, எங்கிருந்து, எந்தச் சூழலில் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிவைப்பது நம் மரபு. கற்படுக்கைக்கு நாம் காட்டிய அக்கறையைத் துணிப்படுக்கைக்குக் காட்டவில்லை.

தைத்தவர் பெயர் எங்கே?

துணியைத் தைத்துப் பயன்கொள்வது தமிழர்க்குப் பழைய வழக்கம். பொருநராற்றுப்படை, வறுமையுற்ற பொருநன் வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தையை உடுத்திருந்ததையும், கரிகாலன் அதனைக் களைந்து நுண்ணிய ஆடை அளித்ததையும் பேசுகிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளருள் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. துன்னுதல் என்றால் தைத்தல். அளித்த அரசனின் பெயரை இலக்கியம் காத்தது. பொருநனின் கந்தையைத் தைத்த கை எவருடையது என்பதை அது சொல்லவில்லை.

இந்நிலைக்கு விலக்கான சில போர்வைகள் உண்டு. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வங்காளக் காந்தா ஒன்று உள்ளது. பழந்துணிகளை அடுக்கித் தைத்து உருவங்கள் இழைத்த அப்போர்வையில், மானதாசுந்தரி என்னும் பெண் அதனைத் தம் தந்தைக்காகத் தம் கையாலேயே செய்ததாகத் தையலெழுத்தில் குறித்துள்ளார். ஆயிரக்கணக்கான காந்தாக்கள் தைத்தவர் பெயரின்றி நிற்க, அவ்வொரு வரியால் மானதாசுந்தரி வரலாற்றில் இடம்பெற்றார். குசராத்துச் சுவேதாம்பரக் குடும்பத்தார் நோன்பு நிறைவில் அளிக்கும் பூத்தையல் திரைகள் சிலவற்றிலும் நோற்றவர் பெயரும் ஆண்டும் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஹாரியட் பவர்ஸ் என்பவர் ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களாகத் துணியில் ஒட்டித் தைத்த அவரது போர்வை, 1886இல் ஏதென்சு நகரப் பருத்திக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதனைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார்; பவர்ஸ் இசையவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வறுமை நெருக்கியபோது, பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் எடுத்துரைத்தார். ஸ்மித் அதனை எழுதிவைத்தார். பின்னரும் பவர்ஸ் அப்போர்வையைக் காணப் பலமுறை வந்ததாக ஸ்மித் குறித்துள்ளார். இன்று அது வாசிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது. தைத்தவர் உயிரோடிருக்கும்போதே ஒருவர் கேட்டு எழுதியதால்தான் அதன் பொருள் நமக்குத் தெரிகிறது.

பதிவு செய்யும் முறை

நம் வீட்டுப் போர்வைக்கு அருங்காட்சியகம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் கைப்பேசியும் போதும்.

முதலில் போர்வையைத் தூய வெள்ளைத் துணியின்மேல் விரித்து, பகல் வெளிச்சத்தில் முன்புறமும் பின்புறமும் முழுமையாகப் படமெடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு மூலையையும், தையலையும், கிழிசலையும், கறையையும் அருகிலிருந்து எடுக்க வேண்டும். கறையும் வரலாறே, அதனைப் போக்க முற்பட வேண்டா. நீளம், அகலம், எத்தனை அடுக்குகள், எத்தனை வகைத் துணிகள், எந்த நிற நூல் என்பனவற்றைக் குறிக்க வேண்டும்.

அடுத்தது காலத்தைக் கணித்தல். முதலில் தைத்தபோதே சேர்ந்த துணிகளுள் மிகப் புதியது எதுவோ, அதற்கு முற்பட்டதாகப் போர்வை இருக்க இயலாது. டெரிலின் போன்ற செயற்கையிழைத் துணிகள் நம் நாட்டில் பரவலானது 1960களுக்குப் பின்னரே. எனவே அத்தகைய துண்டு ஒன்று முதல் தையலிலேயே இருப்பின் காலம் தெளிவாகும். அது பிற்காலத்து ஒட்டாயின் தையல் நூலின் வேறுபாடு காட்டிக்கொடுக்கும். செப்பனிட்ட கையும் ஒரு தலைமுறையின் கையே; அதனையும் தனியே எழுத வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. வீட்டில் உள்ள மூத்தோரைப் போர்வையின் அருகில் அமர்த்தி, ஒவ்வொரு துண்டையும் தொட்டுக் காட்டி, 'இது யார் புடவை? எப்போது எடுத்தது?' என்று வினவி, அவர் சொற்களை அவ்வாறே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பொதுவாகக் கேட்டால் 'நினைவில்லை' என்பவர்கூட, பழகிய கரையைக் கண்டதும் பேசத் தொடங்குவர். தைத்தவரைக் குறிக்கையில் 'பாட்டி' என்றோ 'இன்னார் மனைவி' என்றோ நிறுத்திவிடாமல், அவரது இயற்பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுவது கடமை. கீரன் கொற்றிக்குக் கிடைத்த சிறப்பு நம் பாட்டிமார்க்கும் உரியது.

இறுதியாக, இவற்றின் சுருக்கத்தைப் பருத்தி நாடாவில் நூலெழுத்தாகத் தைத்துப் போர்வையின் பின்புறத்தில் இணைக்கலாம். பேனா மையைத் தவிர்த்தல் நன்று. அது பரவித் துணியைக் கெடுக்கும். விரிவான குறிப்பின் படிகளைப் பங்காளிகளும் பெண்ணெடுத்த வீட்டாரும் ஆளுக்கொன்று வைத்திருக்க வேண்டும்.

வால்பாறை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் பூஞ்சணமே பெரும்பகை. நெகிழிப் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளே தங்கும். துவைத்து உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மழை ஓய்ந்த மாதங்களில் நிழலில் விரித்துக் காற்றாட விட வேண்டும். ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றினால் ஒரே கோட்டில் இழை அறாது. அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் தூய்மையாக வைத்தால் பூச்சி அடையாது. அடைந்தபின் கொல்லும் நிலையும் நேராது.

பற்றும் பதிவும்

மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நாம் ஒரு பழந்துணியைக் கட்டிக் காப்பது பற்றாகாதா என்று கேட்போர் இருப்பர். முற்றும் துறந்த திகம்பர முனிவர்க்குப் போர்வையில்லை. இல்லறத்தார்க்கு விதித்ததோ பொருளுக்கு அளவு வரைதல். உடுத்துத் தேய்ந்ததை வீசாமல் மீண்டும் பயன்கொண்ட அப்பெண்கள் அவ்வளவை அறிந்தவர்கள். அவர்களின் வாழ்வொழுக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் சான்றாகவே போர்வை நிற்கிறது. அது ஒருநாள் நைந்து போகும், போகட்டும். எழுத்தும் படமும் நின்றால் போதும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1981இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மக்கள் தத்தம் வீட்டுப் போர்வைகளை ஓரிடத்திற்குக் கொண்டுவர, தன்னார்வலர் படமெடுத்து வரலாற்றை எழுதிக்கொண்டனர். பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. நம் அறக்கட்டளையும் ஆண்டுக்கு ஒருநாள் அத்தகைய நிகழ்வை நடத்தலாம். இளைஞர் படமெடுக்க, மகளிர் வினவ, முதியோர் விடை கூற, ஒரு பிற்பகலில் பல குடும்பங்களின் வரலாறு ஏட்டில் ஏறிவிடும். விடை கூறவல்ல முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். ஆதலால் இவ்விழா நாளிலேயே பெட்டியைத் திறந்து, வீட்டின் மூத்தவரிடம் முதற்கேள்வியைக் கேட்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.