மீன்வளப் பட்டப்படிப்பில் தொழிற்களப் பயிற்சி: கொச்சி

மீன்வள அறிவியல் மாணவர் படிப்பின் ஒரு பகுதியை மீன்பிடி கப்பலிலும் பதனிடும் ஆலையிலும் கழிக்கும் முறை. படிப்பும் வேலையும் மாறிமாறி வரும் ஏற்பாடு 1903-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் தொடங்கியது என்பர். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கியதே முதல் எனக் கொள்வாரும் உண்டு. இந்தியாவில் பிலானி பிட்ஸ் 1973-இல் இதைப் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ ஆக்கியது.

கொச்சியில் தொழில் முந்தியது, பட்டம் பிந்தியது. உறைந்த இறால் ஏற்றுமதி 1950களிலேயே சூடுபிடித்தது. மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் 1957-இல் இங்கு வந்தது. நீண்டகரையில் 1953-இல் தொடங்கிய இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் 1963-இல் எர்ணாகுளத்துக்கு மாறியது. மீன்பிடி கலங்களுக்கு ஆள் பழக்கும் மத்திய நிலையமும் (இன்றைய சிஃப்நெட்) அதே ஆண்டில் தோன்றியது. அன்று அது பட்டம் வழங்கவில்லை. ஆகவே இவ்வரலாற்றில் அதற்கு இடமுண்டா என்பது விவாதத்துக்குரியது. பிற்காலத்தில் அங்கே கடல்சார் மீன்வளப் பட்டப்படிப்பும் வந்தது.

1971-இல் உருவான கொச்சிப் பல்கலைக்கழகம் 1976-இல் தொழில்சார் மீன்வளத் துறையைத் தொடங்கியது. மட்டாஞ்சேரியை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடி துறைமுகமும், தெற்கே அரூர்ப் பகுதியின் ஆலைகளும் அருகிலேயே இருந்தன. ஆலைக்குச் செல்லும் மாணவர் முதலில் கற்பது ‘கவுண்ட்’. தலை நீக்கிய இறால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 16 முதல் 20 வரை நின்றால் ‘16/20’. 21 முதல் 25 வரை நின்றால் ‘21/25’. எண் ஏற ஏற விலை இறங்கும். இறால் ஓடு உரிக்கும் ‘பீலிங் ஷெட்’டில் பழகிய பெண்கள் தராசு இல்லாமலே கவுண்டைச் சொல்லிவிடுவர். முதுகலை மாணவருக்கு அந்தக் கை எளிதில் வருவதில்லை.

1997-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆலைகளின் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை விதித்தது. அதன்பின் ஹெச்ஏசிசிபி முறையின்படி ஆபத்துக் கட்டங்களைக் கண்காணிப்பதும், வெப்பநிலை, குளோரின் அளவுகளை நாள்தோறும் பதிவதும் கட்டாயமாயின. பயிற்சிக்கு வந்த மாணவருக்கும் கவுண்டோடு பதிவேடும் சேர்ந்தது.

கொச்சியின் பனங்காட்டில் மீன்வளக் கல்லூரி 1979-இல் தொடங்கியது. 2010-இல் கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. 2015-இல் வந்த ‘ஸ்டூடன்ட் ரெடி’ திட்டத்தால் இளநிலை மீன்வளப் படிப்பின் இறுதியாண்டு களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. 2024-இல் கேரளத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பு, பிற அறிவியல் துறைகளிலும் இன்டர்ன்ஷிப்பைப் புகுத்தியது.