நிலவறையும் சுருங்கையும்
கிள்ளான் நிலம் கற்பிக்கும் பாடம்

நிலத்துக்குக் கீழே அமைக்கும் அறையைத் தமிழர் நிலவறை என்றனர். நிலத்துக்குக் கீழே அமைக்கும் வழியைச் சுருங்கை என்றனர். முன்னது பொருளைக் காக்க எழுந்தது. பின்னது பெரும்பாலும் நீரைப் போக்க எழுந்தது. இவ்விரு சொற்களுள் நிலவறை இன்றும் மக்கள் நாவில் உள்ளது. சுருங்கையோ புலவர் ஏட்டில் தங்கிவிட்டது. சொல் மறைந்ததோடு அது குறித்த பொருளும் நம் நினைவிலிருந்து மறைந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

ஏனெனில், கிள்ளான் பள்ளத்தாக்கில் சரிவு நிலத்தில் வீடு வாங்குவோர் சிலர், வீட்டின் அடியிலுள்ள அறையைப் படிப்பறையாகவோ விருந்தினர் அறையாகவோ திருத்திக்கொள்ள விழைகின்றனர். அவர்கள் முதலில் கேட்பது, ‘எந்தச் சாயம் பூசினால் சுவர் ஊறாது?’ என்பதே. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவன்று. ‘இந்த நிலத்தின் நீர் எங்கே போகிறது?’ என்பதே முதற் கேள்வி. இக்கேள்வியைக் கிள்ளான் மக்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றனர். அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சொல் காட்டும் வழி

பழந்தமிழ் நூல்களில் சுருங்கை என்னும் சொல் இருவகைப் பொருளில் வருகிறது. மதுரை மாநகரைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம், யானைகள் கூட்டமாகச் செல்லத்தக்க பெருஞ்சுருங்கையைச் சுட்டுகிறது. மணிமேகலையிலோ அது மறைவான வடிகால். மனைகளில் மக்கள் நீராடிய நீர் அதன் வழியே ஓடி அகழியைச் சேர்கிறது. பரிபாடலும் மதுரையின் நீர் வெளியேறும் சுருங்கையை அறியும். குழாயையும் நிலத்தடி வழியையும் குறிக்கும் ‘சிரிங்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு இதனை இணைத்துக் காட்டும் அறிஞரும் உளர்.

நூல் கூறுவதை மண்ணும் மெய்ப்பிக்கிறது. 2019ஆம் ஆண்டு கீழடியில் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. செங்கற் சுவர் எழுப்பத் தெரிந்த மக்கள், நீருக்குக் குழாய் இடவும் தெரிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வீடும் வடிகாலும் அவர்களுக்கு ஒரே வேலையின் இரு பகுதிகள்.

கிள்ளானின் நிலம்

இனி நம் ஊருக்கு வருவோம். கிள்ளான் கடலுக்கு அண்மையில் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். கடல் ஏறும்போது ஆற்று நீரும் ஏறும். கடல் இறங்கும்போது ஆற்று நீரும் இறங்கும். கரையோர நிலம் பெரும்பாலும் மென்மையான கடற்களி. சில இடங்களில் கரிச்சேறு போன்ற இலைமக்கு மண். இத்தகைய நிலத்தில் சிறிது தோண்டினாலே நீர் தலைகாட்டும். இலைமக்கு மண்ணிலோ மற்றோர் இடரும் உண்டு. நீரை வடித்தால் அம்மண் சுருங்கித் தாழ்ந்துபோகும். மேலே நிற்கும் சுவரும் பிளந்துபோகும்.

ஆதலின் இந்நாட்டு மலாய் மக்கள் கீழே தோண்டவில்லை, மேலே எழும்பினர். தூண்கள்மீது வீடு கட்டி, அடியில் காற்றும் நீரும் ஓட இடம் விட்டனர். தோட்டங்களில் கட்டப்பட்ட பழைய மர லயங்கள் பலவும் அவ்வாறே கால் ஊன்றி நின்றன. நம் மூதாதையர் அந்தக் காலிடை வெளியில் விறகு அடுக்கினர்; மழை நாளில் துணி உலர்த்தினர். கிள்ளான் தமிழர் அறிந்த முதற் ‘கீழறை’ அதுவே எனலாம். அதற்குச் சுவரில்லை, ஆகவே ஈரமும் தங்கவில்லை.

1901ஆம் ஆண்டு

கோலாலம்பூரிலிருந்து வந்த இருப்புப்பாதை 1886இல் கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடாவை எட்டியது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் அமைந்து, வண்டி ஊருக்குள் வந்தது. பின்னர் ஆற்று முகத்தில், அலையாத்திக் காட்டை வெட்டிப் புதுத் துறைமுகம் கட்டினர். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் பெற்று, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய துறைமுகம் அதுவே. அது 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரையும் அலுவலரையும் வீழ்த்தியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். நான்கே ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கண்டுபிடிப்பை வாட்சன் கிள்ளான் மண்ணில் செயற்படுத்தினார். மருந்து கொடுப்பதோடு அவர் நில்லாது, சதுப்பை வற்றச் செய்ய வேண்டும் என்று அரசை வற்புறுத்தினார். ஊரைச் சுற்றியிருந்த புதர்கள் அழிக்கப்பட்டன, கால்வாய்கள் வெட்டப்பட்டன, துறைமுகத்தைச் சுற்றி வரப்பு எழுப்பிக் கடல் ஏற்றம் தடுக்கப்பட்டது.

பயன் என்ன? கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902இல் அத்தொகை 59 ஆகவும், 1903இல் 46 ஆகவும் இறங்கியது. வீடுகள் மாறவில்லை, சுவர்கள் மாறவில்லை. நிலம் மட்டும் உலர்ந்தது. நிலம் உலர்ந்ததும் வீட்டுக்குள் இருந்தவர் பிழைத்தனர்.

குன்றுகள் கற்பித்த பாடம்

ஆயினும், சமவெளியில் வென்ற முறை குன்றுப் பகுதியில் வெல்லவில்லை. கரையோரச் சதுப்பில் இருந்த கொசு நிழலை நாடுவது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது அகன்றது. குன்றடிவாரத்தில் இருந்த கொசுவோ வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரில் பெருகுவது. அங்கே காட்டை வெட்டித் திறந்த கால்வாய் அமைத்தபோது, அக்கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலாயிற்று. குன்றுப்புறத் தோட்டங்களில் காய்ச்சல் மிகுந்தது.

இதனை ஆராய்ந்த வாட்சன், ஓடைகளின் அடியில் குழாய்களைப் புதைத்து, ஊற்றுநீரை நிலத்துக்குள்ளேயே நடத்திச் செல்லும் முறையைக் கைக்கொண்டார். அவர் 1911இல் வெளியிட்ட நூல் இம்மலாய் நாட்டு அனுபவத்தை உலகறியச் செய்தது. நம் பழைய சொல்லால் கூறின், திறந்த கால்வாய் தோற்ற இடத்தில் சுருங்கை வென்றது. ஒரே முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதையும் அது காட்டிற்று.

இப்பாடத்தை மறந்ததன் விலையையும் இப்பள்ளத்தாக்கு கண்டிருக்கிறது. 1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். பல நாள் மழைக்குப் பின், வடிகால் செவ்வையாக இல்லாத பின்புறச் சரிவு நீரூறிச் சரிந்தது. தாங்கு சுவர்கள் பெயர்ந்தன. மண் நகர்ந்து கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. மாடி வலுவற்றதால் வீழ்ந்தது என்பதைவிட, மலையின் நீருக்கு வழியில்லாததால் வீழ்ந்தது என்பதே பொருந்தும்.

வெட்டியவர் யார்?

வரலாற்று நூல்களில் வாட்சன் பெயர் இருக்கிறது, இருக்கத் தக்கதே. ஆயின் மண்வெட்டி பிடித்தவர் பெயர் அங்கே இல்லை. தமிழரும் சீனரும் சாவகரும் முழங்கால் சேற்றில் நின்று வெட்டிய கால்வாய்களே கிள்ளான், கேரித் தீவு, கோல லங்காட் ஆகிய பகுதித் தோட்டங்களை உலர்த்தின. கடல் இறங்கும்போது திறந்து, ஏறும்போது மூடும் மடைகளை நாள்தோறும் காத்தவரும் தொழிலாளரே. இன்று அத்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுத் தாமான்களாகிவிட்டன. புதிய வீட்டுக்காரருக்குத் தம் முற்றத்தின் அடியில் எந்தப் பழைய கால்வாய் புதைந்திருக்கிறது என்பது தெரியாது. கால்வாயைத் தூர்த்து வீடு கட்டலாம். ஆனால் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

அறையைத் திருத்துமுன்

இவ்வரலாற்றிலிருந்து கீழறை திருத்துவோர்க்குக் கிடைக்கும் வழிமுறை யாது? வரிசை ஒன்றே: முதலில் நிலம், அடுத்துச் சுவர், இறுதியில் அழகு. பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

முதலாவது, குறைந்தது ஒரு மழைப் பருவம் முழுவதும் அறையைக் கவனித்தல் வேண்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு முழ அளவுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கலாம். தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் நீர் தரையிலிருந்து வருகிறது. மேற்புறம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து படிந்தது. முன்னதற்கு வடிகால் மருந்து. பின்னதற்குக் காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் கருவியும் மருந்து. நோய் அறியாமல் மருந்து பூசுதல் வீண்.

இரண்டாவது, கூரை நீரைப் பீலியில் பிடித்துச் சுவரை விட்டுத் தொலைவாக நடத்த வேண்டும். வீட்டைச் சுற்றிய தரை வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். சுவரின் அடியில் துளையுள்ள குழாயைச் சல்லியும் வடிதுணியும் சூழப் புதைத்து, தாழ்வான இடத்துக்கு நீரைக் கொண்டு செல்ல வேண்டும். சரிவு நிலத்தில் இது எளிது. தாழ்வான போக்கிடம் இல்லையேல், குழியில் நீரைச் சேர்த்துப் பம்பு வைத்து இறைக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் ஓடும் மாற்றுப் பம்பும் வேண்டும். பெருமழையும் மின்தடையும் பெரும்பாலும் சேர்ந்தே வருவன.

மூன்றாவது, நீர் தடுக்கும் பூச்சு சுவரின் வெளிப்புறத்தில் இருத்தல் நன்று. சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் நீர் தேங்கினால், சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் விழும். தரையின் அடியில் அந்நீர் புகுந்தால், அதே அழுத்தம் தரையை மேல்நோக்கித் தள்ளும். உட்புறத்துச் சாயம் இதனை எதிர்த்து நில்லாது.

நான்காவது, பாதுகாப்பு. படிக்கட்டு அன்றி வெளியேற மற்றொரு வழி இருத்தல் வேண்டும். மின்செருகிகளும் மின்பெட்டியும் உயரத்தில் அமைதல் வேண்டும். கேஸ் தோம்பைக் கீழறையில் வைத்தல் ஆகாது. கசியும் சமையல் வாயு காற்றினும் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். சரிவை வெட்டவோ தாங்கு சுவரைத் தொடவோ நேர்ந்தால், பொறியாளர் கணக்கும் ஊராட்சி மன்ற அனுமதியும் இன்றி ஒரு கல்லும் அசைக்கலாகாது.

இவையெல்லாம் முடிந்த பின்னரே பலகையும் ஓடும் பதிக்க வேண்டும். ஒட்டுப்பலகையும் தரைவிரிப்பும் ஈரத்தையும் கறையானையும் அழைப்பன. காரையும் ஓடும் சுவரை விட்டுச் சற்று விலகி நிற்கும் அலமாரியும் நெடுநாள் நிலைப்பன.

எங்கே வேண்டா?

எல்லா நிலத்திலும் கீழறை கூடும் என்பதில்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாளை ஒட்டிப் பெய்த பெருமழையில், கிள்ளான் ஆற்றுக்கு அண்மையிலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவின் தெருக்கள் ஆறாக மாறின. கீழ்த்தளத்தில் இருந்தோர் மாடிக்கும் கூரைக்கும் ஏறினர், உயிரிழப்பும் நேர்ந்தது. தாழ்ந்த இத்தகைய இடத்தில் தரைத்தளத்தையே உறங்கும் அறையாகக் கொள்ளத் தயங்க வேண்டும். தரைக்குக் கீழே அறை அமைப்பதோ அறவே கூடாது. வெள்ளம் சூழ்ந்த வேளையில் கீழறைக்குள் இறங்கிப் பொருளை எடுக்க முயல்வதும் கூடாது. வெளியில் நீர் நிற்கையில் உள்நீரை ஒரேயடியாக இறைத்தால், வெளியழுத்தத்தால் சுவர் உள்நோக்கி இடிந்துவிடலாம்.

தலைநகரும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றது. 1926இலும் 1971இலும் பெருவெள்ளம் கண்ட கோலாலம்பூரில், 2007ஆம் ஆண்டு ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 9.7 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதியில் நாள்தோறும் வண்டிகள் ஓடுகின்றன. பெருமழை வந்தால் வண்டிகளை நிறுத்திவிட்டு வெள்ளத்துக்கு வழி விடுகின்றனர். சிலப்பதிகாரச் சுருங்கையில் யானை நடந்தது. மணிமேகலைச் சுருங்கையில் நீர் ஓடியது. இவ்விரண்டு வேலையையும் ஒரே சுருங்கை செய்வதை நம் காலத்தில் காண்கிறோம்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பிற்கும் கொண்டு செல்லலாம். சுருங்கை என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறியபின், மாணவரைப் பள்ளி வளாகத்தைச் சுற்றி அழைத்துச் சென்று, கூரையில் விழும் மழைத்துளி எவ்வழியே சென்று எந்த ஆற்றைச் சேர்கிறது என்று தேடச் சொல்லலாம். இலக்கியமும் வரலாறும் அறிவியலும் அங்கே ஒருங்கே கிடைக்கும். நாளை அவர்களுள் ஒருவர் வீடு கட்டும்போது, சுவரின் நிறத்தைக் கேட்குமுன் நீரின் வழியைக் கேட்பார். நிலவறை வேண்டுவோர் முதலில் சுருங்கை அமைப்பாராக.