படம் ஓடாத புது விண்டோஸ்

கணினியில் டிவிடி போட்டுப் படம் பார்த்த காலம் ஒன்று உண்டு. சென்னையானாலும் கீழப்பாவூர் போன்ற பேரூரானாலும் கதை ஒன்றுதான். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் மீடியா பிளேயரே டிவிடியை ஓட்டிவிடும். 2012 அக்டோபர் 26-ல் விண்டோஸ் 8 வெளிவந்தது. அதன் மீடியா பிளேயரில் அந்த வசதியைக் காணோம்! டிஸ்க்கில் கோளாறு இல்லை, டிரைவிலும் இல்லை. பிறகு ஏன்?

டிவிடிப் படத்தை விரித்துக் காட்டும் எம்பெக்-2 நுட்பத்துக்கு அப்போது காப்புரிமைக் கட்டணம் உண்டு. டிவிடி பார்ப்போர் குறைந்துவருகிறார்கள் என்று மைக்ரோசாப்ட் அந்தச் செலவைத் தவிர்த்தது. வேண்டியவர்கள் மீடியா சென்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அதுவும் போயிற்று.

கைகொடுத்தது, பிரான்சில் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டத்தில் பிறந்த இலவச விஎல்சி பிளேயர். புதுப்பிக்கும் முன் என்ன வருகிறது என்பதோடு என்ன போகிறது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.