குலுக்கலில் விழும் விஸ்கி

கிஃபோர்ட் பின்ஷோ, அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர். காடுகளைக் காப்பதில் காட்டிய பிடிவாதத்தைப் பின்னாளில் பென்சில்வேனியா மாநில ஆளுநராக மதுவிலக்கிலும் காட்டினார். நாடு தழுவிய மதுவிலக்கு 1933இன் கடைசியில் நீங்கப்போகிறது என்பது உறுதியானதும், சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். மதுவை மாநில அரசே வாங்கி, அரசே விற்பதற்கான சட்டம் நிறைவேறியது. மது வாங்குவது மக்களுக்கு எவ்வளவு சிரமமாகவும் செலவாகவும் இருக்க முடியுமோ அவ்வளவு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று இன்றும் அந்த மாநிலத்தில் சொல்வார்கள். 1934 ஜனவரியில் அரசுக் கடைகள் திறந்தன.

அதே பென்சில்வேனியாவில் இன்று பல்லாயிரம் பேர் அரசு நடத்தும் ஒரு குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். குலுக்கலில் வென்றவருக்குப் பாட்டில் இலவசமாகக் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு விஸ்கியை முழு விலை கொடுத்து வாங்கும் உரிமைதான் அவருக்குக் கிடைப்பது.

அந்த விஸ்கிகளில் முதலில் நிற்கும் பெயர் பாப்பி வான் விங்கிள். கென்டகி மாநிலத்தின் போர்பன் இது. போர்பன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். மற்ற பெரும்பாலான போர்பன்களில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியமாக ரை இருக்கும். வான் விங்கிள் குடும்பத்தார் ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தார்கள். அதனால் காரம் குறைந்து, நீண்ட காலம் பீப்பாயில் கிடந்தாலும் மென்மை போகாத சரக்கு வந்தது.

பாட்டிலின் மேல் சுருட்டுப் பற்றவைக்கும் முதியவர்தான் பாப்பி என்று அழைக்கப்பட்ட ஜூலியன் வான் விங்கிள். 1874இல் பிறந்து 1965இல் மறைந்தவர். 1893இல் லூயிவில் நகரத்து வெல்லர் மது நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்து, பின்னர் ஒரு கூட்டாளியோடு அதை வாங்கினார். 1920இல் மதுவிலக்கு வந்தபோது நாட்டின் மதுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆனால் ஒரு வாசல் திறந்திருந்தது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைக்கும். அப்படி மருந்து விஸ்கி விற்க ஆறே நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டது. அவற்றில் ஒன்று, வெல்லர் நிறுவனத்தோடு தொழில் உறவு கொண்டிருந்த ஸ்டிட்செல். விஸ்கியைப் பங்கீடு செய்து, சீட்டு வைத்திருப்பவருக்கு மட்டும் விற்கும் வழக்கம் இவ்வாறு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டுக்குப் பழகிவிட்டது. மதுவிலக்கு நீங்கிய பின் இரு நிறுவனங்களும் இணைந்தன. 1935இல், கென்டகி டெர்பி குதிரைப் பந்தய நாளன்று, ஸ்டிட்செல்-வெல்லர் ஆலை திறக்கப்பட்டது. வேதியியலாளருக்கு இங்கே அனுமதி இல்லை என்று அந்த ஆலையில் ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

இன்றைய தட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் வியப்புதான் வரும். யாருமே வேண்டாம் என்று ஒதுக்கிய காலத்தில் அதன் வேர் இருக்கிறது. 1970களில் அமெரிக்க இளைஞர்கள் வோட்காவுக்கும் வெள்ளை ரம்முக்கும் மாறினார்கள். போர்பன் அப்பா காலத்துச் சரக்காகிப்போனது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது கைமாறின. வான் விங்கிள் குடும்பத்தாரே 1972இல் ஸ்டிட்செல்-வெல்லரை விற்றுவிட்டார்கள். பாப்பியின் மகன் ஓல்ட் ரிப் வான் விங்கிள் என்ற சிறு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1981இல் அவர் இறந்ததும் பேரன் மூன்றாம் ஜூலியன் பொறுப்பேற்றார். அவரிடம் ஆலை கிடையாது. மற்றவர்களின் கிடங்குகளில் வாங்குவாரின்றிக் கிடந்த பழைய பீப்பாய்களை வாங்கி, லாரன்ஸ்பர்க்கில் ஒரு பழைய கட்டடத்தில் பாட்டிலில் அடைத்து விற்றார். அந்த ஆண்டுகளில் முதிர்ந்த போர்பனுக்கு மதிப்புக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். கென்டகியின் நல்ல பீப்பாய்கள் பல அங்கே போயின.

சாதாரணமாக நான்கு முதல் எட்டு ஆண்டுகளில் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டிய சரக்கு, விற்காததால் பதினைந்து, இருபது ஆண்டுகள் பீப்பாயிலேயே கிடந்தது. 1990களின் நடுவில் இருபது ஆண்டு முதிர்ந்த பாப்பி வெளிவந்து, சிகாகோவின் மதுச் சோதனை நிறுவனம் ஒன்று அதற்கு 100க்கு 99 கொடுத்தது. சமையல் கலைஞர்களும் தொலைக்காட்சிப் பிரபலங்களும் அதைப் புகழ்ந்தார்கள். 2011இல் மூன்றாம் ஜூலியனுக்கு ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அதற்குள் ஸ்டிட்செல்-வெல்லரில் வடிப்பது 1992இலேயே நின்றுபோயிருந்தது. 2002இல் பிராங்க்ஃபர்ட் நகரின் பஃபலோ டிரேஸ் ஆலையோடு கூட்டுச் சேர்ந்தார்கள்; இன்று அங்கே வடித்த சரக்குதான் வருகிறது.

கேட்பவர் பெருகிவிட்டால் கூடுதலாக வடித்துவிடலாமே என்று தோன்றும். இன்று ஊற்றினால் இருபத்து மூன்று ஆண்டு பாப்பி கிடைக்க இன்னும் இருபத்து மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் கென்டகியின் கோடை வெயில் பீப்பாயிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சில சதவீதத்தைக் காற்றில் கரைத்துவிடும். சுமார் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாயில் கடைசியில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். தொழிலில் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். கென்டகிக் கிடங்குகளில் இன்று 1.4 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் ஊறுகின்றன. அந்த மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் 45 லட்சம். ஆனாலும் அவற்றில் மிகச் சிலவே இருபது ஆண்டைத் தாண்டிப் பாட்டிலுக்குப் போகத் தகுதி பெறும்.

சரக்கு குறைந்து கேட்பவர் கூடினால் விலை ஏறும். இங்கேதான் 1933 குறுக்கே வந்து நிற்கிறது.

மதுவிலக்கு நீங்கும் தருவாயில் பெருஞ்செல்வர் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர், அடுத்து என்ன செய்யலாம் என்று ஆராயச் சொல்லி ரேமண்ட் ஃபாஸ்டிக், ஆல்பர்ட் ஸ்காட் இருவரிடமும் ஒப்படைத்தார். கடைக்காரரின் லாப ஆசைதான் குடியைப் பெருக்குகிறது, அந்த ஆசையை விற்பனையிலிருந்து எடுத்துவிட அரசே விற்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். இன்று 17 மாநிலங்கள் விஸ்கி போன்ற கடும் மதுவின் மொத்த விற்பனையைத் தம் கையில் வைத்திருக்கின்றன. அவற்றில் சில சில்லறைக் கடைகளையும் தாமே நடத்துகின்றன. டாஸ்மாக்கைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஓஹியோ, ஓரிகன், யூட்டா எல்லாம் இந்த வரிசைதான். லாபத்துக்காக அரசு விலையை ஏற்றாது என்பதே இதன் அடித்தளம். ஆகவே வெளியே ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறும் பாட்டில், அரசுக் கடையில் சில நூறு டாலருக்கு வரும்.

அந்த இடைவெளியால் வந்த வினைகள் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் வரிசை வந்தது; விடியற்காலையிலேயே, சில ஊர்களில் முந்தைய இரவே, கடைவாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகிறவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர், வயதானவர் எல்லாம் அதிலேயே விடுபட்டுப்போனார்கள். இணையத்தில் முதலில் அழுத்துபவருக்கு என்றால் கைவேகமும் இயந்திர நிரல்களும் வென்றன. கடைசியில் குலுக்கல்தான் எஞ்சியது. மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒரு பாட்டில் வகைக்கு ஒருவர் ஒரு முறைதான் பெயர் கொடுக்கலாம். எந்த ஊர்க்காரருக்கும் ஒரே வாய்ப்பு. வர்ஜீனியா குலுக்கலோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: எந்தக் கடையில், எந்த நேரத்தில் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அரிய பாட்டில்களைத் திடீரென்று அலமாரியில் வைத்துவிடுவது.

தனியார் கடைகள் உள்ள மாநிலங்களில் கதை வேறு. அங்கே சில கடைக்காரர்கள் விலையைத் தாமே ஏற்றிவிடுகிறார்கள். சிலர் ஆண்டு முழுவதும் தம்மிடம் வாங்கிய வாடிக்கையாளருக்கு மட்டும் சீட்டுப் போடுகிறார்கள். தர்ம காரியத்துக்காகக் குலுக்கல் நடத்துபவர்களும் உண்டு.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் கை நீளாமலா இருக்கும்? 2013 அக்டோபரில் பஃபலோ டிரேஸ் கிடங்கிலிருந்து இருபது ஆண்டு பாப்பி ஏறக்குறைய 200 பாட்டில்கள் காணாமல் போயிருப்பது தெரியவந்தது. செய்தித்தாள்கள் அதைப் பாப்பிகேட் என்றன. 2015இல் ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. திருட்டின் மையத்தில் இருந்தவர் அந்த ஆலையிலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2018இல் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு மாதம் போல உள்ளே இருந்துவிட்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தார்.

அதைவிடக் கனமானது ஓரிகனில் நடந்தது. அந்த மாநிலத்து மதுக் கட்டுப்பாட்டு ஆணையமும் அரிய பாட்டில்களுக்குக் குலுக்கல் நடத்திவந்தது. உடைந்துபோகும் பாட்டிலுக்கு மாற்றாகக் கொடுக்க அதன் கிடங்கில் கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்கள். ஆணையத்தின் இயக்குநரும் ஐந்து உயர் அதிகாரிகளும் அந்த ஒதுக்கீட்டிலிருந்து பாப்பி உள்ளிட்ட பாட்டில்களைக் குறிப்பிட்ட கடைக்கு அனுப்பச் செய்து, அங்கே போய் வாங்கிக்கொண்டார்கள் என்பது 2022இல் உள் விசாரணையில் வெளிப்பட்டு, 2023 பிப்ரவரியில் ஊரறியச் செய்தியானது. ஆளுநர் டினா கோடெக் இயக்குநரை விலகச் சொன்னார்; அவரும் விலகினார். அவர்கள் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். விற்று லாபம் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். குற்ற வழக்கும் தொடரப்படவில்லை. ஆனாலும் தம் பெயரைக் குலுக்கலில் போட்டுவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்கோ பள்ளி ஆசிரியைக்கோ அது துரோகம்தான். கல்லாவில் பணம் சரியாக விழுந்தது என்பதால் அவர்களின் வாய்ப்பு களவு போகவில்லை என்று ஆகாது.

வர்ஜீனியாவில் களவு போனது தகவல். எந்தக் கடைக்கு அரிய சரக்கு போகிறது என்ற உள் பட்டியலை ஊழியர் ஒருவர் வெளியே கொடுக்க, அது பணத்துக்கு விற்கப்பட்டதாக 2022இல் வழக்குப் பதிவானது.

ஃபாஸ்டிக்கும் ஸ்காட்டும் கடைக்காரரின் ஆசையைக் கண்டார்கள். அலுவலகத்து மேசைக்குப் பின்னாலும் ஆசை உட்காரும் என்பதற்கு அவர்களின் திட்டத்தில் போதிய காவல் இல்லை. இருந்தும், விலையை ஏற்றிப் பணக்காரருக்கு மட்டும் கொடுப்பதையும், இரவெல்லாம் வாசலில் கிடக்க முடிந்தவருக்குக் கொடுப்பதையும் பார்க்கும்போது குலுக்கலே நேர்மையான வழி. ஒரு தொழிலாளி தன் மகளின் திருமணத்தன்று திறக்க ஒரு பாப்பி வாங்க முடியும் என்ற நிலை, எத்தனை அரிதாக வாய்த்தாலும், காப்பாற்றத் தகுந்தது. அதற்குச் செய்ய வேண்டியவை இரண்டுதான்: மாநிலத்துக்கு வந்த பாட்டில் எத்தனை, குலுக்கலுக்குப் போனது எத்தனை, பெயர் கொடுத்தவர் எத்தனை பேர், கிடங்கில் ஒதுக்கியவை யார் கைக்குப் போயின என்ற நான்கு கணக்கையும் ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் அரசுகள் வெளியிட வேண்டும்; மதுத் துறையில் பணிபுரிவோர் பதவியில் இருக்கும்வரை அந்தப் பாட்டில்களை வாங்கத் தடை வேண்டும்.