நின்றாலும் எரியும் விளக்கு

நம் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து, அவருடைய தந்தையாரின் பழைய டைனமோ விளக்கு அண்மையில் கிடைத்தது. துருவைத் துடைத்துச் சக்கரத்தோடு சேர்த்துச் சுழற்றினோம். பல்புகள் போயிருந்தன, டைனமோ உயிரோடிருந்தது. பல்புகளுக்கு மாற்றாக எல்.இ.டி. பொருத்த முனைந்ததன் விளைவே இக்கட்டுரை.

மிதிவண்டியின் தொடக்ககால விளக்குகள் எண்ணெயில் எரிந்தவை. 1892இல் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் ஆக்கும் வழி புலப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே கார்பைடு விளக்கு மிதிவண்டிக்கு வந்துவிட்டது. மேற்கலத்து நீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைடின்மேல் விழ, அதிலெழும் அசிட்டிலீன் வாயு வெண்சுடராக எரியும். ஒளி நன்று, நாற்றமும் சுண்ணாம்புச் சேற்றைக் கழுவும் வேலையும் அதற்குரிய விலை.

டயரின் பக்கவாட்டில் உராய்ந்து சுழலும் டைனமோ இத்தொல்லைகளை நீக்கியது. 1936இல் நாட்டிங்காமின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே டைனமோவை அமைத்து விற்றது. பின்னாளில் 6 வோல்ட், 3 வாட் என்னும் அளவு பரவலாக நிலைபெற்றது: முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட்.

நம்மூரில் விளக்கில்லாமல் வந்து காவலரிடம் சிக்கியோரும், அவரைக் கண்டதும் இறங்கி வண்டியைத் தள்ளியோரும் பலர். டைனமோ வைத்திருந்தோருக்கோ வேறு துன்பங்கள். மிதிப்பது கனக்கும். பின்பல்பு போய்விட்டால் மின்னோட்டம் முழுவதும் முன்பல்பில் பாய்ந்து, இறக்கத்தில் அதையும் எரித்துவிடும். எல்லாவற்றினும் கொடியது, வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடுவது. இரவுப் பணி முடிந்து திரும்பிய நண்பரின் தந்தையார், ஒரு முச்சந்தியில் காலூன்றி நின்றபோது பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. காலிலுள்ள தழும்பு இன்றும் மறையவில்லை.

சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே பிறந்துவிட்டது. ஆனால் பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா உருவாக்கியது 1993இல்தான். அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசி, 1996இல் வெள்ளை எல்.இ.டி.யை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. நீல ஒளிக்காக அகசாகி, அமானோ ஆகியோருடன் நாகமுரா 2014இல் நோபல் பரிசு பெற்றார்.

பழைய விளக்கில் இதைப் பொருத்துவது பல்பு மாற்றுவதுபோல் எளிதன்று. டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம், எல்.இ.டி. ஒருதிசையில் மட்டுமே ஏற்கும். ஆகவே நான்கு டயோடுகளைப் பாலமாக இணைத்து, மின்தேக்கி ஒன்றால் துடிப்பைத் தணிக்க வேண்டும். வண்டி எவ்வளவு விரைந்தாலும் டைனமோவின் மின்னோட்டம் ஏறத்தாழ அரை ஆம்பியருக்குமேல் உயராது; அதன் சுருளே தடுத்துவிடும். மின்னோட்டம் கட்டுக்குள் இருக்க வேண்டிய எல்.இ.டி.க்கு இது வாய்ப்பாயிற்று. பின்விளக்கோடு 1 பாரட் மின்தேக்கியையும் சேர்த்தால், வண்டி நின்றபின்னும் சில நிமிடங்கள் எரியும்.

எல்.இ.டி. வந்ததால் டைனமோ அழிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. ஜெர்மனி 2013இல் மின்கல விளக்குகளைப் பொதுவாக அனுமதித்த பின்னரும், அச்சு டைனமோவும் எல்.இ.டி.யும் இணைந்த வண்டிகள் அங்கே ஓடுகின்றன. நம் தெருக்களிலோ இரவுக் காவலர்கள் பலர் எவ்விளக்குமின்றி இருளில் செல்கின்றனர்.

வேலை முடிந்ததும் நண்பரின் தந்தையாரை அழைத்துக் காட்டினோம். சக்கரத்தைச் சுழற்றிக் கையால் பிடித்து நிறுத்தினார். பின்விளக்கு அணையவில்லை. அது மங்கி மறையும்வரை நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.