இறையும் இறையிலியும்

விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் இருக்கிறது வளவனூர். வளவன் என்பது சோழனைக் குறிக்கும் சொல். மன்னன் பெயர் தாங்கிய அந்த ஊரில் எந்த வீட்டிலும், பெட்டியின் அடியிலோ அலமாரியின் மூலையிலோ, ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டு வரி இரசீது! மின் இணைப்புக்குக் கேட்பார்கள், கடனுக்குக் கேட்பார்கள். அப்போது எடுப்போம், காட்டுவோம், மீண்டும் மடித்து வைப்போம். படிப்பதில்லை. படிக்க வேண்டிய தாள் அது என்கிறோம் நாம். வரி கொடுத்தவர் யார், விலக்குப் பெற்றவர் யார், கணக்குக் கேட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளை அந்தத் தாளிடம் கேட்டால், ஆயிரம் ஆண்டு வரலாறு வாய் திறக்கும்.

சோழர் காலத்திலிருந்து தொடங்குவோம். பொற்காலம் என்று புகழ்வோர் உண்டு. புகழட்டும், கல்வெட்டு கூறுவதையும் கேட்கட்டும். மனைக்கு மனையிறை, நெய்பவன் தறிக்குத் தறியிறை, ஆட்டுபவன் செக்குக்குச் செக்கிறை! இறை என்ற சொல்லுக்கு வரி என்றும் பொருள், அரசன் என்றும் பொருள், ஆண்டவன் என்றும் பொருள். மூன்றுக்கும் ஒரே சொல்! இறை இருந்த இடத்தில் இறையிலியும் இருந்தது. கோயிலுக்குத் தேவதானம், பார்ப்பனருக்குப் பிரமதேயம் எனத் தரப்பட்ட நிலங்களுக்குப் பெரும்பாலும் வரி நீக்கப்பட்டது.

உண்மையை மறைப்பது நமது வழக்கமன்று. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு, வரி விதிக்கப்படாத இடங்களாக ஊர்நத்தத்தையும் குளத்தையும் சுடுகாட்டையும் குறிப்பிடுகிறது. பறைச்சேரியையும் அந்த வரிசையில் சேர்க்கிறது. ஏழைக்கும் விலக்களித்தான் மன்னன் என்று மகிழலாமா? அதே வரிசையில் தீண்டாச்சேரி என்றொரு பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறதே! வரியிலிருந்து விலக்கு, ஊரிலிருந்தும் விலக்கு!

வளவனூருக்குக் கிழக்கே, அதே புதுவைச் சாலையில், திருபுவனை இருக்கிறது. அங்கே முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-இல், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு நில வருவாய் ஒதுக்கப்பட்டது. பாடம் வேதமும் வடமொழி நூல்களும். விளைந்த நெல் உழவன் தந்தது. உழவன் மகனுக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்ததா? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

கொடுத்துக் கொடுத்துக் குனிந்தே கிடந்தனரா நம் முன்னோர்? இல்லை. விசயநகர ஆட்சியில், 1429-இல், இந்தத் தென்னார்க்காட்டுப் பகுதியிலேயே மக்கள் எழுந்தனர். விருத்தாசலம், எலவானாசூர் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. ஓயாது மோதிக்கொண்ட வலங்கையாரும் இடங்கையாரும் அன்று ஒன்றுகூடினர். கொடு வரி தண்டிய அதிகாரிகளுக்கும், அவர்களுக்குத் துணைநின்ற பார்ப்பன, வேளாள நிலவுடைமையாளருக்கும் ஒத்துழைப்பதில்லை, கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை என முடிவு செய்தனர். சாதி பிரித்தது, வரி இணைத்தது!

அடுத்து வந்தனர் வெள்ளையர். சென்னையில் 1686-இல் ஆளுநர் கிப்போர்டு வீட்டு வரி கேட்டார். நகர மக்கள் கடைகளை அடைத்தனர். கும்பினி மிரட்டிப் பணியவைத்தது. ஆனால், இலண்டனில் இருந்த கும்பினித் தலைவர் சர் சோசையா சைல்டு ஒன்றைப் புரிந்துகொண்டார். தாமே அமர்ந்திருக்கும் மன்றம் விதிக்கும் வரியை மக்கள் முணுமுணுக்காமல் கொடுப்பார்கள் என்பதே அது. 1687-இல் பட்டயம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29-இல் சென்னை நகராண்மை தொடங்கியது. மக்களாட்சிக் காதலா காரணம்? மடிப்பணத்தின் மீது காதல்! எனினும், மன்றம் என்று ஒன்று வந்துவிட்டால், அது என்றென்றும் கும்பினிக்கே சொந்தமாக இருக்குமா? அதே சென்னை மாநகராட்சியை 1959-இல் திராவிட முன்னேற்றக் கழகம் கைப்பற்றியதே!

சிற்றூர்களுக்கு மன்றம் வந்தது 1884-ஆம் ஆண்டுத் தலத்தாபனச் சட்டத்தால். பல ஊர்களைச் சேர்த்து யூனியன் அமைத்தனர். அதன் முதன்மை வருவாய் வீட்டு வரி. தெரு கூட்டுவதும் விளக்கேற்றுவதும் அதன் வேலை. உறுப்பினர் யார்? பதவி வழியில் வந்த கிராம முன்சீப்புகளும், அரசு நியமித்தவர்களும்! கொடுத்தது ஊர், அமர்ந்தது உத்தியோகம். விளக்குக் கம்பம் எந்தத் தெருவில் நின்றது, எந்தச் சேரியின் வாயிலில் நின்றுவிட்டது என்று கேட்க வாக்குச்சீட்டு இல்லை. 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது மக்கள் 4 கோடிக்கு மேல்; வாக்காளரோ ஏறத்தாழ 12 லட்சம். சொத்தும் வரியுமே தகுதி! வரி இரசீது இல்லாதவன் மனிதக் கணக்கிலேயே இல்லை. 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் குடிசையும் மாளிகையும் ஒரே வரிசையில் நின்றன.

இன்றைய நிலைக்கு வருவோம். வளவனூர் ஒரு பேரூராட்சி. வீடு இருக்கும் பகுதி, பரப்பு, கட்டட வகை, வயது, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு வரி கணிக்கப்படுகிறது. ஆண்டுக்கு இருமுறை செலுத்த வேண்டும். 2022 ஏப்ரலில் வரி உயர்த்தப்பட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்காரர் அப்போது 600 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. சிறு வீட்டுக்குச் சிறு சுமை, பெரு வீட்டுக்குப் பெருஞ் சுமை என்ற முறை நேர்மையானது, வரவேற்கிறோம். ஆனால், பரப்பைத் தவறாக எழுதிவிட்டால் அந்த நேர்மை தாளோடு நின்றுவிடும்!

ஆகவே, இளைஞர்களே, உங்கள் தெருவின் இரசீதுகளை எடுங்கள். பரப்புச் சரிதானா என்று அளந்து பாருங்கள்; தவறாயின் திருத்தக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் பெயர் இரசீதில் இராது. வாடகைக்குள்ளே வரியும் இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துரையுங்கள். கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. பேரூராட்சியின் வரவு எவ்வளவு, செலவு எந்தத் தெருவுக்கு என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டிலிருந்தே கேட்கவைத்திருக்கிறது. கணக்கு எழுத மறுத்து எழுந்தனர் 1429-இல். கணக்குக் கேட்டு எழ வேண்டியவர்கள் நாம்.

வரி கொடுப்பது அடிமைத்தனமல்ல. கொடுத்துவிட்டுக் கேளாதிருப்பதே அடிமைத்தனம்!