படைப் பதிவேட்டில் நம்மவர் பெயர்கள்

1964 ஆகஸ்ட் 17, இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்று மலாக்கா நீரிணையைப் படகில் கடந்து வந்த ஏறத்தாழ 100 பேர் நம் பொந்தியான் கடற்கரையில் மூன்று இடங்களில் கரையேறினார்கள். பலர் விரைவிலேயே பிடிபட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 2-ஆம் தேதி, லாபிஸ் பக்கம் வானத்திலிருந்து பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் இதெல்லாம் 'கொன்ஃப்ரொந்தாசி' என்ற தலைப்பின் கீழ் சில வரிகளோடு முடிந்துவிடும். ஆனால் பொந்தியானில் இருப்பவர்களுக்கு அது நம் வீட்டு வாசலில் நடந்த விஷயம்.

அதற்கு முன்பும் நம் ஊர் சாலை படைகளைப் பார்த்திருக்கிறது. 1942 ஜனவரி கடைசியில், பத்து பகாட்டை விட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ், இந்தியப் படைகள் செங்காராங், ரெங்கிட், பெனூட் வழியாகத்தான் பொந்தியான் கெச்சிலை நோக்கி வர முயன்றன. இன்று நாம் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போய்வரும் அதே கடலோரப் பாதை. வழியில் ஜப்பானியர் தடுப்புப் போட்டிருந்ததால் பலர் சதுப்பு நிலத்திலும் கடல் வழியாகவும் தப்ப வேண்டியிருந்தது.

போர்களைப் பற்றி எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாம் இங்கே எழுத வந்தது அந்தப் படைகளில் இருந்தவர்களின் பெயர்களைப் பற்றி. சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்காகப் பழைய படங்களையும் தாள்களையும் திரட்டியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் தம் படைச் சேவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எண்பதைத் தாண்டியவர். கொன்ஃப்ரொந்தாசி காலத்தில் படையில் லாரி ஓட்டியவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இதில் என் பெயரை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதணும்."

புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். பெயரில் 'அப்துல்' இல்லை. அடுத்த பாதி மட்டும் இருந்தது. 'பின்' என்ற சொல்லுக்குப் பிறகு அத்தாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவருடைய ஊரின் பெயர் இருந்தது! நமக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. நம்மவர்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டே பழகியவர்கள். முதல் எழுத்து ஊருக்கோ குடும்பப் பெயருக்கோ, அடுத்தது அத்தாவுக்கு. தமிழ்நாட்டில் இது எல்லாருக்கும் புரியும். இங்கே எழுத்தர் முன்னால் போய் நிற்கும்போது அவர் கேட்பது, "இந்த எழுத்து என்ன?" என்று. ஊர்ப் பெயரைச் சொன்னால் அதையே 'பின்'னுக்குப் பின்னால் எழுதிவிடுவார். வரிசையில் இன்னும் ஐம்பது பேர் நிற்கும்போது இருபது வயதுப் பையன் என்ன மறுத்துப் பேசுவான்?

மலாயாவில் எல்லாருடைய பெயரும் ஒரே காலத்தில் காகிதத்தில் ஏறியது அவசரகாலத்தில்தான். 1948-இல் தேசியப் பதிவு தொடங்கியபோது 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கைநாட்டும் கொண்ட அடையாளக் கார்டு கொடுத்தார்கள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பெயர் நின்றது. காதர், காதிர், கதர், காடர் என்று ஒரே பெயருக்கு ரோமன் எழுத்தில் எத்தனை வடிவங்கள்! ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கு மூன்று எழுத்துக் கூட்டல் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு. 2001-இல் மைகார்டு வந்தபோது அந்தப் பழைய வடிவங்களே கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டன.

எழுத்துக் கூட்டல் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். 'அப்துல்' காணாமல் போவது வேறு. அப்துல் காதிர் என்றால் ஆற்றல் மிக்கவனின் அடியான் என்று பொருள். முன்பாதியை வெட்டினால் அடியான் போய், இறைவனின் திருநாமம் மட்டும் ஒரு மனிதனுக்கு நிற்கிறது. நம் பெரியவர்கள் இதை விரும்புவதில்லை. எழுத்தருக்கு அது இடம் போதாமல் விட்ட ஐந்து எழுத்து. பெரியவருக்கு அப்படியல்ல.

இது நம்மவர்களுக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற கஞ்சு லாமா என்ற வீரரைப் பாருங்கள். சிக்கிமில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கியாம்த்சோ. 1942-இல் கூர்க்கா படையில் சேர்ந்தபோது எழுத்தர் அதைக் 'கஞ்சு' என்று எழுதிவிட்டார். 1944 ஜூன் மாதம் மணிப்பூரில், உடம்பெல்லாம் காயத்தோடு தவழ்ந்து போய் ஜப்பானிய டாங்கிகளை அழித்தார். பதக்கமும் அரசாங்க அறிவிப்பும் கஞ்சு லாமா பெயரில்தான் வந்தன. பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரின் கௌரவ மெய்க்காப்பு அதிகாரியாகவும் ஆனார். 2000-இல் காலமாகும்வரை உலகம் அவரை எழுத்தர் வைத்த பெயராலேயே அழைத்தது.

எழுத்தர் தவறு இல்லாமல், தாமே வேறு பெயர் சொல்லிச் சேர்ந்தவர்களும் உண்டு. வயது குறைவு, வீட்டுக்குத் தெரியக்கூடாது, பழைய கடன், இப்படிக் காரணங்கள். அதனால்தான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் சிலருடைய பெயருக்குப் பக்கத்தில், 'இன்ன பெயரில் சேவை செய்தார்' என்று ஒரு குறிப்பு இருக்கும். நமக்கு அந்தக் குறிப்பு மிகவும் பிடித்திருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படைச் சேர்ப்பு மையத்தில் அவருடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் அடி எடுத்து வைக்கவில்லை. வியட்நாம் போருக்கான மறுப்பு அது. ஆனாலும் அந்தப் பழைய பெயருக்கு அவர் அசையாமல் நின்றது நம் பெரியவர்கள் மனத்தில் தனியாகப் பதிந்திருக்கிறது.

பெயர் பிசகினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இந்திய தேசிய இராணுவத்தின் கதை பதில் சொல்லும். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த தற்காலிக அரசாங்கத்தின் ஆலோசகர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிமான கரீம் கனி. அவர் பெயரையே ஆவணங்களில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். வக்கம் அப்துல் காதர் மலாயாவில் வேலை பார்த்த கேரள இளைஞர். பினாங்கில் பயிற்சி பெற்று, நீர்மூழ்கிக் கப்பலில் போய் மலபார் கரையில் இறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் இன்னும் மூவருடன் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரும் காதர், காதிர் என்று மாறி மாறியே வருகிறது. தலைவர்களுக்கும் தியாகிகளுக்கும் இதனால் குறை வந்துவிடாது. யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்திலிருந்தும் கடையிலிருந்தும் போய்ச் சேர்ந்த சாதாரண சிப்பாய்தான் மாட்டிக்கொண்டார்.

போர் முடிந்து பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1980-இல் அந்தத் திட்டத்துக்குப் புதிய பெயரும் விரிந்த விதிகளும் வந்தன. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். பதிவேடு கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவரின் சான்றிதழ் வேண்டும். சான்றில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்றால் மனு கிடப்பில் போகும். இப்படிப்பட்ட மனுக்கள் நீதிமன்றம் வரை போயின. 2001-இல் குர்தியால் சிங் என்பவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், இந்த மனுக்களைக் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நம்பத் தகுந்ததா என்று பார்த்தால் போதும் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் போர் முடிந்து 56 ஆண்டு கழித்து வந்தது. அதற்குள் எத்தனை பேர் மர்ஹூம் ஆகியிருப்பார்கள்!

மாண்டவர்கள் நிலை இன்னும் மோசம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத் தூண்களில், கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெயராவது இருக்கிறது. முதல் உலகப் போரில் ஈராக்கில் மாண்ட 30,000க்கும் மேற்பட்ட இந்திய சிப்பாய்களுக்கு பஸ்ரா நினைவகத்தில் அதுவும் இல்லை. அதிகாரிகளுக்குப் பெயர், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை. 2021-இல் அந்தக் கல்லறை ஆணையமே வெளியிட்ட அறிக்கையில், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கர்களும் மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்களும் அதில் அதிகம்.

நம் உறுப்பினர்கள் சிலருக்கு ஊரில் இந்திய இராணுவத்தில் இருந்த உறவினர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. பெயர்த் திருத்தம் அங்கே தொடங்கி, பிறகுதான் ஓய்வூதிய ஆணையில் ஏறும். இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறை வந்திருப்பதால், ஆதாரில் உள்ள பெயரும் படைப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல்தான். மனைவி பெயரிலும் பிழை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. கணவர் போன பிறகு அந்தப் பெண்பிள்ளை அலைவதைவிட, அவர் இருக்கும்போதே முடித்துவிடலாம்.

நம் பெரியவரின் மனுவுக்கு வருவோம். பிறப்புப் பத்திரத்தின் நகல், பழைய அடையாளக் கார்டின் நகல், 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரமாண ஆணையர் முன் செய்துகொடுத்த உறுதிமொழிப் பத்திரம், அவரோடு படையில் இருந்த ஒருவரின் கடிதம், எல்லாம் சேர்த்தோம். கடிதம் எழுதும்போது நமக்குள்ளேயே ஒரு வாதம் வந்தது. "இந்த வயதில் எதற்கு? ஓய்வூதியம் ஒழுங்காகத்தானே வருகிறது?" என்றார் ஒருவர். "சரித்திர ஆவணத்தை மாற்றலாமா? அன்று எழுதியது அன்று எழுதியதுதானே?" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பழைய பெயரைச் சுத்தமாக அழித்துவிட்டால், 1964-இல் அந்தப் பெயரில் வந்த உத்தரவுகளும் லாரிப் பதிவுகளும் யாருடையவை என்று நாளைக்கு எவருக்கும் தெரியாது.

பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். வரைபடத்தின் மூலையில் திருத்தங்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். எது மாறியது, எந்தத் தேதியில், யார் ஒப்புதலில் என்று அதில் எழுத வேண்டும். கடைக் கணக்கிலும் அதே வழக்கம்தான். ரப்பர் போட்டு அழித்தால் கணக்குப் பார்ப்பவர் சந்தேகப்படுவார். ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போர்க் கல்லறைப் பதிவேட்டின் அந்தக் குறிப்பு நமக்குப் பிடித்ததும் இதனால்தான். எனவே பெரியவரின் கடிதத்திலும் பழைய பெயரை நீக்கும்படி கேட்கவில்லை. சரியான முழுப் பெயரைப் பதிந்து, இன்ன பெயரில் சேவை செய்தவர் என்று பக்கத்தில் குறிக்கும்படிக் கேட்டிருக்கிறோம்.

முதல் கேள்விக்குப் பெரியவரே பதில் சொல்லிவிட்டார்: "பணம் வருதுப்பா. என் அத்தா பேரு வரலையே." மனு போயிருக்கிறது. பதில் வரவேண்டும்.

இதைத் தொடர்ந்து சங்கத்தில் ஒரு தனிப் பதிவேடு திறந்திருக்கிறோம். படையிலோ, காவல் துறையிலோ, அவசரகாலத்து ஊர்க்காவலிலோ இருந்த நம் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வீட்டில் வைத்த பெயர், சேவைப் புத்தகத்தில் உள்ள பெயர், அடையாளக் கார்டில் உள்ள பெயர் மூன்றும் தமிழிலும் ரோமன் எழுத்திலும் அதில் இருக்கும். பதக்கம், பழைய படம், கடிதம் எது இருந்தாலும் நகல் எடுத்துக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சங்க அலுவலகம் திறந்திருக்கும். இதுவரை பதினோரு பக்கங்கள் எழுதியாகிவிட்டன. அவற்றில் ஏழில் மூன்று பெயர்களும் மூன்று விதம்.